கருவியில் பதிவில்லை என்றால் வெடிக்கவில்லை என்று பொருளா?

ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதி. டிசம்பர் 31 நெருங்க, ஆரணி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள்: காதுக்கு எட்டாத தாழ்ஒலியைப் பிடிக்கும் கருவி இருக்கும்போது பெரிய வெடிவிபத்தை மறைக்க முடியுமா?

முடியும். காரணம் வானத்தில் இருக்கிறது.

வெடிப்பில் எழும் அலை மேல்நோக்கி வளைந்து போகிறது. சுமார் 50 கி.மீ. உயரத்தில் வெப்பமும் காற்றும் சேர்ந்து அதைக் கீழே திருப்புகின்றன. அது தரையிறங்க ஏறத்தாழ 200 கி.மீ. ஆகும். நடுவில் உள்ள நிழல் வளையத்தில் கருவிக்கும் ஒன்றும் எட்டாமல் போகலாம். வட அரைக்கோளத்தில் அந்த உயரத்துக் காற்று கோடையில் மேற்கு நோக்கியும் குளிர்காலத்தில் கிழக்கு நோக்கியும் வீசும். அலையும் காற்றோடுதான் நெடுந்தூரம் போகும்.

2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட்டில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்த கிடங்கு வெடித்தது. சுமார் 2,400 கி.மீ. தள்ளியிருக்கும் துனிசியாவிலும், 6,000 கி.மீ. தாண்டி கேப் வெர்டேயிலும் அது பதிவானது. இரண்டும் மேற்கே உள்ளவை. ஜனவரியில் வெடித்திருந்தால் அங்கே இவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருக்காது. எனவே 'கருவியில் பதிவில்லை' என்று எந்த அதிகாரி சொன்னாலும், கருவி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

பெய்ரூட் வெடித்த அதே வாரம், சென்னை மணலியில் 2015 முதல் தேங்கிக் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் செய்தியானது. இரண்டு கி.மீ. சுற்றளவில் குடியிருப்பே இல்லை என்றது சுங்கத்துறை. சுமார் 700 மீட்டரிலேயே மக்கள் வசிப்பதாகச் சொன்னது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பிறகுதான் சரக்கு ஹைதராபாத் போனது.

திசையை எப்படி அறிகிறார்கள்? பரவலாக வைத்த கருவிகளை அலை எட்டும் நேர வித்தியாசத்தைக் கொண்டு.

வெடிப்பின் அளவு தெரியுமா? தோராயமாகத்தான்.

இந்தியாவில் இந்தக் கருவிகள் உள்ள சர்வதேசக் கண்காணிப்பு நிலையம் உண்டா? இல்லை, அந்த நிலையங்களுக்கு அடிப்படையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திடவில்லை.

சென்னை வரை ஏதாவது எட்டியிருக்கிறதா? டோங்கா எரிமலை வெடித்த 2022 ஜனவரி 15 இரவு, காற்றழுத்தமானிகளில் தெரிந்தது.

முன்கூட்டியே எச்சரிக்குமா? எச்சரிக்காது. வெடித்த பிறகே பேசும் கருவி இது.

அப்படியானால் ஒத்திகையில் என்ன கேட்பது? பக்கத்து ஆலையில் என்ன சரக்கு, எத்தனை டன், முதல் வீடு எத்தனை மீட்டர் என்று. ஆபத்து பற்றி அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிப்பது அதே 1989 விதியின்படி ஆலையின் கடமை.