கணக்குக் காட்டும் ஒழுங்கு

தமிழில் 'கணக்கு எழுதுதல்' என்றும் 'கணக்குக் காட்டுதல்' என்றும் இரு வழக்குகள் உண்டு. ஒன்றுபோலத் தோன்றினும் இவை ஒன்றல்ல. எழுதுதல் தனக்காகவும் செய்யலாம். காட்டுதல் பிறருக்காகவே செய்வது. தன் பணத்தைத் தானே செலவிடுபவன் கணக்கு எழுதாவிடினும் கேட்பாரில்லை. பிறர் பணத்தை வாங்கி ஆள்பவனோ எழுதியதோடு நிற்றல் ஆகாது. எழுதியதைப் பணத்துக்குரியவர் முன், உரிய காலத்தில், உள்ளது உள்ளபடி காட்டவும் அவன் கடமைப்பட்டவன். இக்கடமை சிறு நிறுவனங்களில் எவ்வாறு தளர்கின்றது, அதனால் நம்மவர் அடைந்த இழப்பு யாது, ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உத்தரமேரூர் தரும் பாடம்

கணக்குக் காட்டும் ஒழுங்கு மேனாட்டாரிடமிருந்து நாம் கடன் வாங்கியது எனச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குடவோலை முறைக்கு அவற்றைச் சான்று காட்டுகிறோம். ஆனால் அவற்றில் பொதிந்துள்ள கணக்கு நெறியை வகுப்பில் நாம் எடுத்துரைப்பது குறைவு.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்கிறது அக்கல்வெட்டு. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாதாம். கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே பெருமக்கள் முன் காட்டி, நேர்மையானவர் எனத் தெளியப்பெற்ற பின்னரே மறுமுறை அப்பணிக்கு வரலாம். ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவரைக் கொண்டு முடித்துவிடவும் இடமில்லை. இவற்றின் உட்பொருளை நோக்குக. ஆளைப் பார்த்து நம்பாமல், முறையைப் பார்த்து நம்புக என்பதே அது. உறவினரையும் விலக்கியது, ஒருவர் மறைத்ததை உறவு மூடிவிடும் என்று அறிந்தமையால் அன்றோ?

காட்டுதலைக் காக்கும் வேலி

இக்காலத்து நிறுவனத்தில் பணம் இட்டவர் பங்குதாரர். அதனை ஆள்பவர் இயக்குநர். பங்குதாரர் நாள்தோறும் அலுவலகம் சென்று பார்ப்பதற்கில்லை. ஆண்டறிக்கையே அவர்க்குக் கண். அக்கண்ணில் புரை விழாமல் காக்கும் நடைமுறைகளையே கணக்கு வெளிப்பாட்டுக் கட்டுப்பாடு என்பர். நிறுவனத்துள் நிகழும் முக்கியச் செய்தி ஒவ்வொன்றும் கணக்கெழுதுவோர் காதுக்கு எட்டுதல், எட்டியது சரிபார்க்கப்படுதல், சரிபார்த்தது காலந்தவறாமல் பங்குதாரர் கைக்கு வருதல் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள்.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பால்மரம் வெட்டிய தொழிலாளி வாளியோடு ஸ்டோருக்கு வருகிறார். பால் நிறுக்கப்படுகிறது. மெட்ரோலேக் கருவியை இட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்கப்படுகிறது. கிராணி புத்தகத்தில் எழுதுகிறார். நிறுப்பவர் எடையை உரக்கச் சொல்ல, வரிசையில் நிற்போர் கேட்க, கிராணி எழுத, தொழிலாளி தம் சிட்டையிலும் குறித்துக்கொண்டால் நான்கு காவல்கள் அமைகின்றன. நிறுப்பதும் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே ஆள் என்றால், தொழிலாளிக்கு எஞ்சுவது நம்பிக்கை ஒன்றே. அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் நல்லவர் என்பதை மெய்ப்பிக்க அங்கு வழியில்லை. களவு நடந்தது என்பதன்று குறை; நடந்தாலும் தெரியாது என்பதே குறை.

சிறு நிறுவனங்களின் நலிவுகள்

இந்நலிவுகளை உலகம் தெளிவாகப் பேசத் தொடங்கியது அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் 2001 டிசம்பரில் நொடித்த பிறகே. அடுத்த ஆண்டு சூலையில் சார்பேன்ஸ்-ஆக்சிலி சட்டம் பிறந்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் நிதி அதிகாரியும் தங்கள் வெளிப்பாட்டுக் கட்டுப்பாடுகள் பயன்தருகின்றனவா என்று தாமே ஆராய்ந்து கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும் என்றது அச்சட்டம். அதன் விளைவாக அந்நாட்டின் சிறு நிறுவனங்கள் பல, தங்கள் கட்டுப்பாடுகள் பயனற்றவை என்று தாமே அறிக்கையில் எழுதுகின்றன. அவை கூறும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே வகையின. அவற்றை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, வேலைப் பகுப்பு இன்மை. ஆள் குறைவாதலின், பணம் பெறுபவரே காசோலை எழுதுகிறார். அவரே வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறார்.

இரண்டாவது, சார்பற்ற இயக்குநரும் தணிக்கைக் குழுவும் இன்மை. இயக்குநர் அவையில் கணவரும் மனைவியும் மைத்துனருமே அமர்ந்திருந்தால் கேள்வி எங்கிருந்து எழும்?

மூன்றாவது, கணக்கியல் நெறிகளை அறிந்தவர் இன்மை. ஆண்டிறுதியில் தணிக்கையாளரே கணக்கை எழுதித் தாமே தணிக்கை செய்யும் நிலை வந்தால், மாணவனின் விடைத்தாளை ஆசிரியர் எழுதித் தாமே திருத்துவதற்கு அது ஒப்பாகும்.

நான்காவது, எழுத்துப் பதிவு இன்மை. முடிவுகள் தேநீர்க் கடையிலும் தொலைபேசியிலும் எடுக்கப்படுகின்றன. கூட்டக் குறிப்பில் அவை ஏறுவதில்லை. இயக்குநருக்கும் அவர் உறவினருக்கும் நிறுவனம் கொடுத்த கடனும், அவர்களுடன் செய்த வாணிபமும் மறைந்துபோகும் வழி பெரும்பாலும் இதுவே.

பெரிய நிறுவனத்திலும் மோசடி நிகழும். என்ரானே அதற்குச் சான்று. எனினும் அங்கே ஏமாற்றுவோர் பல கதவுகளை உடைத்தாக வேண்டும். சிறு நிறுவனத்தில் கதவே இல்லை.

நம் நாட்டு அனுபவம்

1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பியர் தங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தனார் தோட்டந்தோறும் சென்று, மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தும் தவணையில் தொழிலாளரையே உறுப்பினராக்கி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். கூலி பெற்றவர் தோட்ட உடைமையில் பங்கு பெற்றார். சிறு சேமிப்பு ஒன்றுதிரண்டால் என்ன ஆகும் என்பதை நம்மவர் அப்போது கண்டனர்.

அந்நம்பிக்கையின் தொடர்ச்சியாகவே 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தோன்றியபோது மக்கள் பணம் இட்டனர். சுமார் 66,000 பேரிடமிருந்து ஏறக்குறைய 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி திரண்டது. அவருள் தோட்டத் தொழிலாளர் பலர். திரண்ட தொகையை நோக்க அது சிறு நிறுவனம் அன்று. ஆனால் பங்குச் சந்தையில் இடம்பெறாத நிறுவனமாதலின், சந்தை விதிகள் வற்புறுத்தும் உடனுக்குடனான அறிவிப்பு அதன் பங்குதாரர்க்குக் கிட்டவில்லை. காலாண்டுதோறும் கணக்கு வெளியிடும் கட்டாயமில்லை. நாளேட்டில் பங்கின் விலை வராது. ஆண்டுக்கொருமுறை வரும் அறிக்கையையும் பொதுக்கூட்டத்தையுமே அவர் நம்பியிருந்தார்.

1990-இல் டெலிகோம் நிறுவனப் பங்குகள் வெளியிடப்பட்டபோது, மைக்காவின் பெயரில் 1 கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன என்றும், அவற்றுள் 10 இலட்சமே மைக்காவுக்கு வந்தன, எஞ்சிய 90 இலட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன என்றும் 1992-இல் பெரும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கேட்பது வேறொன்று. இத்தகைய ஒதுக்கீடு வந்த அன்றே, எவ்வளவு வந்தது, எவ்வளவு ஏற்கப்பட்டது, ஏற்காததற்குக் காரணம் யாது என்று பங்குதாரர் ஒவ்வொருவர்க்கும் அஞ்சலில் ஒரு தாள் போயிருந்தால் விவாதத்துக்கே இடமிருந்திருக்குமா? காட்டாத கணக்கு, நேர்மையாளரையும் ஐயத்துக்கு ஆளாக்கும். 2010-இல் 1 வெள்ளிப் பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ள மற்றொரு நிறுவனம் முன்வந்தபோது, கால் நூற்றாண்டு காத்திருந்த பலர்க்குப் போட்ட முதலில் ஒரு பகுதியாவது கைக்கு வந்ததே பெரிதாயிற்று.

இஃது ஓர் இனத்தாரைமட்டும் பற்றிய நோயன்று. 1986-இல் வைப்புத்தொகை பெறும் கூட்டுறவுச் சங்கங்கள் 24 முடங்கின. அவற்றுட் பெரும்பாலானவற்றில் இருந்தது சீனச் சமூகத்தாரின் சேமிப்பு. 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி சிக்கிக்கொண்டது. அங்கும் வெளிப்பட்ட குறைகள் இயக்குநர் தொடர்புடைய கடன்களும் தளர்ந்த மேற்பார்வையுமே.

இன்றைய சட்டம்

2017 சனவரி 31 முதல் நடைமுறையிலுள்ள 2016 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பொது நிறுவனத்தின் இயக்குநர்கள் உட்கட்டுப்பாட்டு முறை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது. சொத்துகள் உரிய அனுமதியின்றிப் பயன்படாமல் காக்கப்படவும், நடவடிக்கைகள் முறைப்படி அனுமதிக்கப்பட்டுப் பதிவாகவும் அம்முறை உதவ வேண்டும். பொது நிறுவனம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கூட்ட வேண்டும்; கணக்கறிக்கை கூட்டத்துக்கு 21 நாள் முன்னரே உறுப்பினர்க்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் நிறுவனம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தத் தேவையில்லை. அவற்றுள் மிகச் சிறியவற்றுக்குத் தணிக்கை விலக்கும் உண்டு; அவ்விலக்கின் எல்லை 2025 முதல் படிப்படியாக விரிவாக்கப்படுகிறது. சிறு வணிகரின் செலவைக் குறைக்க இது நன்றே. எனினும் உறவினர் நால்வர் சேர்ந்து முதலிட்ட நிறுவனத்தில், நால்வருள் மூவர் நிர்வாகத்துக்கு வெளியே நின்றால் அவர்க்கு இருந்த இரு சாளரங்களும் மூடப்படக்கூடும். கணக்கறிக்கையை ஆறு மாதத்துக்குள் உறுப்பினர்க்கு அனுப்பும் கடமைமட்டும் அங்கும் நீங்கவில்லை. அதனைக் கேட்டுப் பெறுதல் உரிமை. கேட்பது பகைமை ஆகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

சிரம்பான், லாபு, நீலாய், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்தின் கையில் இழப்பீட்டுத் தொகையும் ஊழியர் சேமநிதியும் ஒருங்கே சேர்கின்றன. ஒரு வாழ்நாளில் ஒரு முறையே சேரும் பணம் அது. அப்பணத்தைத் தேடிப் புது நிறுவனங்களும் திட்டங்களும் வாசலுக்கு வருகின்றன. ஆங்கிலத்திலோ மலாயிலோ தாள் வந்தால், பெற்றோர் அதனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவது இன்னும் மறையாத வழக்கம். அப்போது 'நல்ல ஆட்களா?' என்று அவர்கள் கேட்பர். அக்கேள்விக்கு விடை சொல்ல நம்மால் இயலாது, சொல்லவும் கூடாது. மாறாக, ஐந்து கேள்விகளை அவர்களிடம் கொடுத்தனுப்பலாம்.

1. பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறு ஆட்களா?

2. காசோலைக்கு இருவர் கையொப்பம் உண்டா? அவ்விருவரும் ஒரே குடும்பத்தாரா?

3. தணிக்கையாளர் யார்? அவருடைய அறிக்கையில் 'இது தவிர' என்பது போன்ற ஒதுக்குரை உண்டா?

4. இயக்குநருக்கும் அவர் உறவினருக்கும் கொடுத்த கடன் எவ்வளவு? அறிக்கையின் குறிப்புரைப் பகுதியில் அது வந்துள்ளதா?

5. சென்ற ஆண்டின் கணக்கறிக்கை எந்த நாளில் கைக்கு வந்தது?

ஐந்தாவது கேள்வி எளியது, ஆனால் கூர்மையானது. கணக்கு காலம் கடந்தால், பெரும்பாலும் உள்ளே ஏதோ சரியில்லை. சங்கமாயின், 1993 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமும் 2008 முதல் இயங்கும் மலேசியக் கூட்டுறவு ஆணையமும் உறுப்பினருக்குத் துணையாக உள்ளன. நிறுவனமாயின், நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்தி, அங்குத் தாக்கல் செய்யப்பட்ட கணக்கை எவரும் பெறலாம்.

இதற்கு நம் பள்ளியிலேயே வித்திடலாம். கணிதத்தில் விடை சரியாயிருப்பினும் செய்முறை காட்டாத மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருவதில்லை. விடை எவ்வாறு வந்தது என்பதைப் பிறர் சரிபார்க்க இயலவேண்டும் என்பதே காரணம். ஆறாம் ஆண்டு மாணவர் தம் சுற்றுலாச் செலவைத் தாமே எழுதி, ஒருவர் எழுத மற்றொருவர் சரிபார்த்து, வகுப்புச் சுவரில் ஒட்டட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கும் அதே சுவரில் ஒட்டப்படட்டும். கணக்குக் கேட்பது அவமதிப்பு அன்று, காட்டுவது தாழ்வு அன்று என்று பத்து வயதில் பழகிய பிள்ளை, நாற்பது வயதில் எவர் புன்னகையையும் கணக்கறிக்கையாக எண்ணி ஏமாறாது.