வயிற்றறைக்குள் சூடான மருந்து

இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று அறிந்த குடும்பத்தவர்கள் எந்தச் சிகிச்சையையும் விட்டுவிட விரும்புவதில்லை. சத்திரசிகிச்சையின் முடிவில் வயிற்றறைக்குள் சூடான மருந்தைச் செலுத்தும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டதும், காணியை ஈடுவைத்தாவது அதைச் செய்விக்க நினைக்கிறார்கள். அதற்கு முன் இச்சிகிச்சை எதைத் தரும், எதைத் தராது என்பதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

இரைப்பையின் உட்புறத்தில் தோன்றும் இந்நோய் நாளடைவில் அதன் சுவரை ஊடுருவி வெளிப்புறத்தை அடைகிறது. அப்போது, முற்றிய எள்ளுக்காய் வெடித்து விதை சிந்துவதுபோல, நோய்க்கலங்கள் உதிர்ந்து, வயிற்றறையை உட்புறமாகப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் ஒட்டி வளர்கின்றன. நாளத்தினூடாக ஏற்றும் மருந்து இச்சவ்வைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. ஆகவே மருந்தை நேரடியாக அங்கேயே விடலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1980இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் வைத்தியர் ஜோன் ஸ்பிராட் இதனை முதன்முதலாகக் கையாண்டார். யப்பானிய வைத்தியர்கள் அதே தசாப்தத்தில் இரைப்பைப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்தினர்.

முதலில் இரைப்பையையும் கண்ணுக்குத் தெரியும் நோய்க்கட்டிகளையும் அகற்றுவார்கள். பின்னர் மைற்றோமைசின், சிஸ்பிளாற்றின் போன்ற மருந்துகள் கலந்த திரவத்தை 41 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, குழாய்கள் வழியே 30 முதல் 90 நிமிடங்கள் வரை வயிற்றறைக்குள் சுற்றவிட்டு வெளியேற்றுவார்கள். சூடு நோய்க்கலங்களைப் பலவீனப்படுத்தி, மருந்தின் வலுவையும் கூட்டுகிறது. ஆயினும் மருந்து சில மில்லிமீற்றர் ஆழமே ஊறும். எனவே பெரிய கட்டிகள் எஞ்சியிருந்தால் பயன் குறைவு.

பலன் என்ன? ஜேர்மனியில் 105 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அனைவருக்கும் வயிற்றறைச் சவ்வில் நோய் பரவியிருந்தது. ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சை மட்டும். மறுபிரிவினருக்கு அதனுடன் சூடான மருந்தும் என வகுத்தனர். இரு பிரிவினருக்கும் நாளவழி மருந்தும் திட்டமிடப்பட்டது. சூடான மருந்துப் பிரிவில் நோய் மீண்டும் தலைதூக்காதிருந்த காலம் 3.5 மாதத்திலிருந்து 7.1 மாதமாகக் கூடியது. ஆனால் உயிர்வாழ்ந்த காலம் இரு பிரிவிலும் இடைநிலையாக 14.9 மாதங்களே. அதாவது பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குள்ளும் வாழ்ந்தனர். மேலும், 55 பேர் பெரும்பாலும் நோய் முற்றியதாலோ இறந்ததாலோ சத்திரசிகிச்சைவரை வந்துசேரவே இல்லை. போதிய நோயாளர் சேராததால் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. ஆகவே இது இறுதித் தீர்ப்பு அன்று. ஆயினும் ஆயுளை நீட்டுமென்ற வாக்குறுதிக்கு இதில் ஆதாரமில்லை.

இச்சிகிச்சையில் ஆபத்துகளும் உண்டு. குடலைப் பொருத்திய இடம் கசியலாம், கிருமி தொற்றலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், குருதிக்கலங்கள் குறையலாம். எனவே வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள்: நோய் எவ்வளவு பரவியுள்ளது? கட்டிகளை முற்றாக அகற்ற இயலுமா? நோயாளியின் உடல் இதைத் தாங்குமா? 'இல்லை' என்ற பதில் வந்தால் அது கைவிடுவதன்று. வலியைத் தணித்து, வயிற்றில் சேரும் நீரை வடித்து, வீட்டாருடன் அமைதியாக இருக்கச் செய்வதும் சிகிச்சையே.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்நோயைக் குணப்படுத்த முடியும். நீங்காத அஜீரணம், காரணமற்ற மெலிவு, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், கறுப்பு மலம் ஆகியவற்றைக் கண்டால், வாயுக் குளிசையோடு நாட்களைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.