எண்ணெய்க் கிண்ணம் – 6: பிள்ளை மேல் எந்த எண்ணெய்?

பிள்ளை பெற்ற வீட்டில் எண்ணெய்ச் சண்டை இல்லாமல் இருக்காது. பாட்டி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை வெயிலில் வைத்திருப்பார். சம்பந்தி வீட்டிலிருந்து செக்கு நல்லெண்ணெய் வந்து இறங்கியிருக்கும். பிள்ளையின் அம்மாவுக்கோ ஆலிவ் எண்ணெய் மேல் கண். போன வாரம் பெரியவர்களின் சனிக்கிழமைக் குளியலைப் பார்த்தோம். இந்த வாரம் இந்தச் சண்டைக்குப் பஞ்சாயத்து.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர். தட்டையான செத்த செல்கள் செங்கல்; நடுவில் பூசிய கொழுப்புதான் காரை. காரை கெட்டியாக இருந்தால் உள் ஈரம் வெளியேறாது, கிருமி நுழையாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தச் சுவர் பாதி எழும்பிய நிலையில்தான் இருக்கும்.

டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். எண்ணெய் தடவாத குழந்தைகளைவிட இவர்களுக்கு மருத்துவமனைக் கிருமித் தொற்று 41 சதவீதம் குறைந்தது. 2005இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. மளிகைக் கடையில் கிடைக்கிற ஒரு சாதாரண எண்ணெய்க்கு இது பெரிய பெயர்தான்.

எல்லா எண்ணெயும் அப்படியில்லை. வங்காளத்துப் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்தது கடுகெண்ணெய். எலித் தோலில் சோதித்தபோது சூரியகாந்தி எண்ணெய் பட்ட இடத்தில் சுவர் சீக்கிரம் தேறியது. கடுகு, ஆலிவ், சோயா எண்ணெய்கள் அதைத் தாமதப்படுத்தின. சூரியகாந்தியில் லினோலெயிக் அமிலம் அதிகம். தோலின் காரைக்கு அது வேண்டிய சரக்கு. ஆலிவில் மிகுந்திருக்கும் ஓலெயிக் அமிலம் காரையை இளக்கிவிடும். கணக்கு சரியாக வருகிறதே என்று பார்த்தால், சோயாவிலும் லினோலெயிக் நிறைய உண்டு! ஒரே அமிலத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நிறைமாதப் பிள்ளைகளின் கதை வேறு. மான்செஸ்டரில் பிறந்த 115 குழந்தைகளில் சிலருக்கு ஆலிவ், சிலருக்குச் சூரியகாந்தி எண்ணெய் நான்கு வாரம் தடவினார்கள். தோலில் ஈரப்பதம் கூடியது. ஆனால், காரையின் அடுக்கு தானாகச் சீராகிவரும் வேகம், எண்ணெய் படாத பிள்ளைகளைவிடக் குறைந்தது. தானாகக் கட்டி முடிகிற சுவருக்கு நாம் கொத்தனார் வேலை பார்க்கப் போவானேன்?

நம் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். கிருமிகளுக்கு அது ஆகாது. பிலிப்பைன்ஸில் கரப்பான் வந்த பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இருந்த 20 பேர் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். கடைசியில் ஒருவரிடம்தான் கிருமி மிஞ்சியது. ஆலிவ் தடவிய 12 பேரில் 6 பேரிடம் மிஞ்சியது. ஆகவே பாட்டியின் கிண்ணத்தை நான் தட்டிவிட மாட்டேன். வறண்ட தோலுள்ள பிள்ளைக்குக் குளிப்பாட்டித் துவட்டியதும், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் நாலு சொட்டு போதும். எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைப் பிடித்துவைக்கும். குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தடவ வேண்டாம். ஆலிவை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம்.

சளிக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கைக்குழந்தைக்கு வலிப்பு வரவும் கூடும்.

இன்னொன்று. குளிப்பாட்ட வரும் அம்மா எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி, பிள்ளையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட அனுமதிக்காதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிடும்.