பூச்சிகளின் குடம்பிப் பருவமும் அதனை ஆராய்வதன் பயனும்

பயிருக்குத் தீங்கு செய்யும் பூச்சி தன் வாழ்நாள் முழுவதும் ஒரே வகையில் வாழ்வதில்லை. சோளச் செய்கையில் இரவு வேளையில் பறந்து திரியும் அந்துப்பூச்சி இலையைத் தின்பதில்லை; அதன் முட்டையினின்று வெளிப்படும் புழுவே தின்கின்றது. இப்புழுப் பருவமே குடம்பிப் பருவம் எனப்படும். ஒரு பூச்சியின் குடம்பி எங்கே வாழ்கின்றது, எத்தனை நாள் வாழ்கின்றது, எப்பொழுது மிகுதியாக உண்கின்றது என்பவற்றை அறியாது தெளிக்கப்படும் மருந்து பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும்.

குடம்பிப் பருவத்தின் இயல்பு

வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி, வண்டு, ஈ, குளவி ஆகியவற்றின் வாழ்க்கையில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என நான்கு பருவங்கள் உண்டு. வெட்டுக்கிளி, நெல் மூட்டுப்பூச்சி முதலியவற்றிற்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. அவற்றின் குஞ்சுகள் தாய்ப் பூச்சியை ஒத்த உருவமுடையன.

நால்வகைப் பருவமுடைய பூச்சிகளில், உண்பதும் வளர்வதும் குடம்பியின் தொழில். இனத்தைப் பெருக்குவது நிறையுடலியின் தொழில். குடம்பியின் தோல் ஓரளவிற்கு மேல் விரிந்து கொடாது. ஆகவே, அது பழைய தோலைக் கழற்றிப் புதிய தோலுடன் மேலும் வளர்கின்றது. ஒரு தோல் கழற்றலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தை ஒரு வயது எனக் கொள்ளலாம்.

வயதை அறியும் முறை

குடம்பியின் உடல் நாள்தோறும் பருத்து நீளுவதால், உடலின் நீளத்தைக் கொண்டு அதன் வயதைத் திட்டமாகக் கூற இயலாது. ஆனால் அதன் தலையோடு கடினமானது. தோல் கழற்றும்பொழுது மாத்திரமே பெரிதாகின்றது. ஒவ்வொரு முறையும் தலையின் அகலம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பெருகுகின்றது என்பதை அமெரிக்க விஞ்ஞானியாகிய ஹரிசன் டயர் 1890ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இதனால், வயலிற் பிடித்த ஒரு புழுவின் தலையை அளந்து, அது எத்தனையாம் வயதினது என்பதை அறிய முடிகின்றது. வயது தெரிந்தால், அது இன்னும் எத்தனை நாள் பயிரைத் தின்னும் என்பதும் தெரியவரும்.

சோளத்தின் படைப்புழு

இவ்வறிவின் பயனைச் சோளத்தைத் தாக்கும் படைப்புழுவிற் காணலாம். இது அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களுக்கு உரியது. 2016ஆம் ஆண்டில் ஆபிரிக்காவிலும், 2018ஆம் ஆண்டில் இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. 2018/2019 பெரும்போகத்தில் அம்பாறை, அநுராதபுரம், மொனராகலை முதலிய மாவட்டங்களிற் சோளச் செய்கைக்குப் பெருஞ் சேதம் விளைத்தது.

இப்பூச்சியின் தாய் நூறு முதல் இருநூறு வரையான முட்டைகளை ஒரு கூட்டமாக இலையில் இட்டு, மெல்லிய செதில்களால் மூடிவிடும். இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிக்கும். குடம்பிக்கு ஆறு வயதுகள் உண்டு. முதலாம் வயதில் அதன் தலையகலம் ஏறக்குறைய 0.35 மில்லிமீற்றர், ஆறாம் வயதில் 2.6 மில்லிமீற்றர். வெப்பமான காலத்தில் ஏறக்குறைய பதினான்கு நாட்களில் ஆறு வயதும் நிறைவுற, குடம்பி மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகின்றது.

ஒரு குடம்பி தன் வாழ்நாளில் உண்ணும் இலையை நூறு பங்காகக் கொண்டால், முதல் மூன்று வயதுகளில் உண்பது இரண்டு பங்கிலும் குறைவு. ஆறாம் வயதில் மாத்திரம் ஏறக்குறைய எழுபத்தேழு பங்கை உண்கின்றது. முதல் மூன்று வயதுகளும் ஏறக்குறைய ஒரு வாரத்திற் கழிந்துவிடும். அவ்வாரத்தில் இலையில் வெண்மையான சுரண்டற் தழும்புகளே தெரியும். கமக்காரர் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இலை கந்தலாகிக் குருத்தினுள் கழிவு நிறைந்து தோன்றும்பொழுது, புழு பெரிதாகிக் குருத்தின் ஆழத்திற் பதுங்கிவிடும். அப்பொழுது தெளிக்கும் மருந்து அதனை எளிதிற் சென்றடையாது.

குடம்பியை அழிக்கும் இயற்கைத் துணைகள்

தேயிலை இலைகளை நூலாற் பிணைத்து உள்ளிருந்து தின்னும் தோட்றிக்ஸ் என்னும் புழு முன்னர் இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அக்குடம்பியின் உடலுள் முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒரு சிறு குளவி 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது நிலைபெற்றபின் தோட்றிக்ஸின் தொல்லை பெரிதும் தணிந்தது. பின்னர், தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்கு டீல்திரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபொழுது, அக்குளவிகள் மடிய, தோட்றிக்ஸ் மீண்டும் பெருகியது. குடம்பியை மாத்திரமன்றி, அதனை உண்டு வாழும் உயிரையும் அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் நிலை வேறு. இங்கே குருத்தைத் துளைப்பது நிறையுடலியே; குடம்பி மரத்தைத் தீண்டுவதில்லை. அது எருக்குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும் பல மாதங்கள் வாழ்கின்றது. ஆகவே மர உச்சியில் நின்று வண்டைத் தேடுவதோடு அமையாது, அது பிறக்கும் இடத்தையும் துப்புரவாக்குதல் வேண்டும். 1963ஆம் ஆண்டில் மலேசியாவில் நோயுற்ற இவ்வகைக் குடம்பிகளை ஆராய்ந்தபொழுது, அவற்றைக் கொல்லும் ஒரு வைரசு கண்டறியப்பட்டது. அது 1967ஆம் ஆண்டில் சமோவாத் தீவுகளில் வண்டைக் கட்டுப்படுத்துவதற்காகப் பரப்பப்பட்டது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. சோளம் முளைத்த நாள் முதல் வாரத்திற்கு இரு முறையேனும் பயிரைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். இலையின் இருபுறமும் முட்டைக் கூட்டங்களைத் தேடி நசுக்கிவிடுக.

2. இலையில் வெண் தழும்புகள் தென்பட்டவுடன் நடவடிக்கை எடுக்க வேண்டும்; இலை கிழியும் வரை காத்திருத்தல் ஆகாது.

3. தலையில் தலைகீழான 'வை' வடிவக் கோடும், பின்னுடலின் முடிவை அடுத்துச் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் வளர்ந்த படைப்புழுவின் அடையாளங்களாகும்.

4. எருக்குவியல்களைக் காலத்துக்குக் காலம் புரட்டி, காணப்படும் வெண்ணிறக் குண்டுப்புழுக்களை அழித்துவிடுக. உக்கும் தென்னங்குற்றிகளைத் தோட்டத்திற் கிடக்கவிடலாகாது.

5. எந்தப் புழுவெனத் துணிய முடியாதவிடத்து, அதனை ஒரு போத்தலில் இட்டுப் பிரதேசத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் விதந்துரைக்கும் மருந்தை உரிய அளவிற் பயன்படுத்துக.

புழு சிறிதாக இருக்கும் ஒரு வாரமே கமக்காரருக்கு வாய்ப்பான காலம். அவ்வாரத்தை அறிந்து பயன்படுத்துவோர் விளைச்சலையும் காப்பர். மருந்துச் செலவையும் குறைப்பர்.