தனியே கிடக்கும் கருவி பேசாது

கம்பம் பள்ளத்தாக்கின் தேவாரம் பக்கத்துப் பழைய தோட்டங்களில், மாட்டுத் தொழுவத்து மூலையிலோ மோட்டார் அறைக்குப் பின்னாலோ ஒரு கனத்த இரும்புப் பாத்திரம் கிடப்பதுண்டு. வாய் அகலமாக இருக்கும், கீழே போகப் போகக் குறுகும். விளிம்பைச் சுற்றித் தடித்த வளையம், பக்கங்களில் தகடுகளை இணைத்த ரிவிட் வரிசை. தூக்கிப் பார்த்தால் அடி இருக்காது. அடி போன அண்டா என்று வீட்டு இளையவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போவார். ஆனால் அந்தப் பாத்திரத்தின் அடி உடைந்து போனதல்ல, செய்யும்போதே திறந்து விடப்பட்டது. அது கமலைச் சால், மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்த கமலையின் பாத்திரம். அதை உடைசல் என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் கையில் இருப்பது முழுக் கருவி அல்ல, கருவியின் மிச்சம்.

முழுக் கருவி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். சாலின் திறந்த அடியில் யானைத் தும்பிக்கையைப் போல நீண்ட தோல் குழாய் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதற்குத் தும்பி என்றே பெயர். சாலின் வாயைத் தடித்த வடம் தாங்கும், தும்பியின் நுனியை மெல்லிய வால்கயிறு பிடித்திருக்கும். வடம் கிணற்று மேட்டில் உயரமாக நிற்கும் உருளையிலும், வால்கயிறு தாழ்வான இன்னோர் உருளையிலும் ஓடும். மாடுகள் சரிவான தடத்தில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் பாரத்தையும் சேர்த்துக் கொடுப்பார். வழி நெடுக வால்கயிறு தும்பியின் நுனியைச் சாலின் வாய் உயரத்துக்கு மடக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் சிந்தாது. சால் மேட்டை எட்டியதும் தும்பி தாழ்ந்த உருளையின் மேல் ஏறித் தொட்டிக்குள் நீளும், தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். சாலைக் கவிழ்க்க இன்னோர் ஆள் வேண்டியதில்லை. இத்தனை நுட்பமும் இரண்டு கயிறுகளின் நீளத்திலும் இரண்டு உருளைகளின் உயர வேறுபாட்டிலும்தான் இருந்தது. மின்சார மோட்டார் வந்த பிறகு தோல் மக்கியது, கயிறு இற்றது, மரம் அடுப்புக்குப் போனது. மிஞ்சியது இரும்பு மட்டும். நுட்பம் இருந்த பகுதிகள் போய், நுட்பமே இல்லாத பகுதி நம்மிடம் நிற்கிறது.

பழைய கைக்கருவிகளை அடையாளம் காண்பதில் நாம் செய்யும் அடிப்படைத் தவறு இங்கேதான் இருக்கிறது. பொருளின் வடிவத்தைப் பார்த்து அதற்கொரு பெயரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஒரு கருவியை அறிவதென்றால் அதன் துணைக்கருவிகள், அது உழைத்த நிலம், அதைப் பிடித்த கை ஆகிய மூன்றையும் சேர்த்து அறிவதுதான்.

நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஆற்றை ஒட்டிய ஊர்களில் நெல் வயல் பரந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் தேவாரம் பக்கமோ மானாவாரியையும் கிணற்றுப் பாசனத்தையும் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஒரே பள்ளத்தாக்குதான், ஆனால் இரண்டு விதமான கருவித் தொகுதிகள். நீண்ட மரப்பலகை ஒன்று சின்னமனூர் வயல்காட்டு வீட்டில் கிடைத்தால், அது சேற்றைச் சமன்படுத்திய பரம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே போன்ற பலகை மானாவாரிக் காட்டில் கிடைத்தால், விதைத்த பின் மண்ணை மூடி அமுக்க ஓட்டியதாக இருக்கலாம். பலகையை மட்டும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்ல எந்தச் சான்றும் மிஞ்சாது.

அடுத்தது கை. களைக்கொத்தியின் இலை ஒரு மூலையில் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், அதைப் பிடித்தவர் எந்தக் கைப்பழக்கம் உள்ளவர், எந்தச் சாய்வில் மண்ணைக் கொத்தினார் என்பதற்கு அந்தத் தேய்மானமே சாட்சி. கைப்பிடி குட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உட்கார்ந்து நகர்ந்தபடி ஒரு கையால் கொத்தி மறு கையால் களையைப் பிடுங்கிப் போடுவதற்கான அளவு அது. கதிர் அரிவாளில் கொல்லர் வெட்டிய கருக்கு, அதாவது பல், பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். தாளைக் கைப்பிடியாகச் சேர்த்துத் தன் பக்கம் இழுத்து அறுப்பதற்கான அமைப்பு இது. ஓங்கி வெட்டும் வெட்டரிவாளுக்குப் பல் கிடையாது, கனம்தான் அதன் பலம். இவை எல்லாம் கருவியிலேயே எழுதப்பட்டிருக்கும் செய்திகள். துருவைத் தேய்த்து, சாயம் பூசி, உணவு விடுதிச் சுவரில் மாட்டும்போது நாம் முதலில் அழிப்பது இவற்றைத்தான்.

தொல்லியல் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுக்கொண்டது. கீழடி அகழாய்வில் கிடைத்த கூரான எலும்புத் துண்டுகளைத் தனியே பார்த்தால் எதுவாகவும் சொல்லலாம். அதே இடத்தில் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்ததால்தான் அவை நெசவில் நூலைக் கையாண்ட கருவிகள் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்புக் கருவிக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, நம் தாத்தா காலத்து இரும்புக்கும் மரத்துக்கும் நாம் காட்டுவதில்லை. தொல்பொருளில் மட்டுமல்ல, உழவிலும் நிலத்திலிருந்து பிரிந்த கருவிக்கு என்ன ஆகும் என்பதற்குச் சென்னை சைதாப்பேட்டையே சான்று. 1860-களில் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகளை வரவழைத்து அங்கே அரசுப் பண்ணை அமைத்துச் சோதித்தார்கள். உழவர்கள் அவற்றை ஏற்கவில்லை. 1893-இல் வெளியான தன் அறிக்கையில் வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், இந்திய உழவரின் கருவிகள் அவருடைய நிலத்துக்கும் மாட்டுக்கும் முதலுக்கும் ஏற்றவை என்பதை ஏற்றுக்கொண்டார்.

கருவிகளை இப்படி முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. கமலையும் களைக்கொத்தியும் முதுகொடித்த கருவிகள், அவற்றைப் போற்றுவது அந்தத் துன்பத்தைப் போற்றுவதாகாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மோட்டார் வந்தது நல்லதுதான், கமலை திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கருவியை முழுமையாகப் பதிவு செய்தால்தான் அந்தத் துன்பமும் பதிவாகும். குட்டையான கைப்பிடி, களையெடுத்த பெண்கள் நாள் முழுவதும் எப்படி உட்கார்ந்து நகர்ந்தார்கள் என்பதற்குச் சான்று. தும்பியின் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்களின் உழைப்பில்தான் கிணற்றுத் தோட்டங்கள் பச்சை பிடித்தன, அதே ஊர் அவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியும் வைத்தது. சாலை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ‘பழங்கால நீரிறைப்புக் கருவி’ என்று எழுதினால் அந்தத் தோலும் அதைத் தைத்த கையும் வரலாற்றிலிருந்து மறைந்துவிடும். அரைகுறைப் பதிவுதான் பொய்யான பெருமையை வளர்க்கிறது.

கைப்பேசியில் படம் எடுத்துத் தேடினால் பெயர் வந்துவிடுமே, முதியவர்களைத் தேடிப்போக வேண்டுமா என்பது இரண்டாவது மறுப்பு. பெயர் வரலாம். ஆனால் அந்த வால்கயிறு எவ்வளவு நீளம், கிணறு ஆழமானால் அதை எப்படி மாற்றினார்கள், தோல் விறைக்காமல் இருக்க என்ன செய்தார்கள் என்பதை எந்தப் படமும் சொல்லாது. முதியவர்களின் நினைவு ஒன்றோடொன்று முரண்படும் என்பது மூன்றாவது மறுப்பு. முரண்படட்டும். ஒருவர் சால் என்பதை இன்னொருவர் கூனை என்றால் இரண்டையும் ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஆந்திரத்தில் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத் தொழிற்சொற்களை வட்டாரவாரியாகத் திரட்டி 1962-இல் அகராதியாக்கியது இந்த வழியில்தான். கரிசல் வட்டாரத்துக்கு 1982-இல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அகராதி தந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் கருவிகளுக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும், அதில் சொல்லோடு செயலும் இருக்க வேண்டும்.

கமலை ஓட்டியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். எல்லாப் பொருளையும் வீட்டில் பாதுகாக்க இடமோ வசதியோ இல்லாத குடும்பங்கள் அவற்றை விற்பதில் தவறில்லை. விற்பதற்கு முன் ஐந்து விவரங்களை எழுதி வைத்தால் போதும்: நீள அகலம், எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த நிலத்தில் எதோடு சேர்த்துப் பயன்பட்டது, யார் செய்தது, யார் பிடித்தது. கூடவே, அதைப் பயன்படுத்தியவர் பிடித்துக் காட்டும் கையைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடிக்க வேண்டும். தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி, சின்னமனூர்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இதை ஒரு பருவத்துச் செயல்திட்டமாக மாணவர்களிடம் கொடுத்தால் ஓராண்டுக்குள் பள்ளத்தாக்கின் கருவிப் பதிவேடு ஒன்று உருவாகிவிடும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுத் தொழுவத்திலிருந்தே தொடங்குங்கள்.