கேஸ்கட் கிடைக்குமா?

பழுது பார்ப்போம் – 17

ஒரு கோப்பை எஸ்பிரஸோவுக்கு இத்தாலிய எஸ்பிரஸோ கழகம் வகுத்திருக்கும் கணக்கு இது: 7 கிராம் காபித்தூள், 88 டிகிரி வெந்நீர், 9 பார் அழுத்தம், 25 விநாடி. ஒன்பது பார் என்றால், நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கடைகளில் ஆள் வைத்துப் பராமரிக்கும் இந்த வேலையைச் சமையலறை மேடையில் ஒரு சிறு பெட்டி தினமும் காலையில் செய்து முடிக்கிறது. சூடு, அழுத்தம், தண்ணீரின் உப்பு, காபியின் எண்ணெய்ப் பிசுக்கு நான்கும் ஒன்றுசேரும் இடத்தில் ரப்பர் கெட்டிப்படும், துளை அடைபடும், பம்ப் தேயும். அதைக் குறை என்று சொல்ல முடியாது. அந்த வேலையின் இயல்பு அது. அந்த நாள் வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா, மாற்றிப் போட உதிரி பாகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சென்ற வாரம் மிக்ஸியைப் பார்த்தோம். மிக்ஸிக்கு எல்லா ஊரிலும் ஒரு ரிப்பேர் கடை உண்டு. எஸ்பிரஸோ மெஷினுக்கு அப்படி இல்லை. வாங்குகிறவர்கள் பெருகிவரும் வேகத்துக்குப் பழுது பார்ப்பவர்கள் பெருகவில்லை. அதனால் ஐம்பது ரூபாய் ரப்பர் வளையம் கிடைக்காமல் ஐம்பதாயிரம் ரூபாய் மெஷின் பரணுக்குப் போகும் நிலை இருக்கிறது. இது மாற வேண்டும், மாற்றவும் முடியும் என்பதால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

அறுபது ஆண்டு தாண்டிய ஒரு பாகம்

மிலான் நகரத்து அக்கிலே காஜ்ஜா, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்து காபியின் மேல் அழுத்தத்தை ஏற்றினார். அதுவரை நீராவியின் ஒன்றரை பார் அழுத்தத்தில் இறங்கிய காபி, முதல் முறையாக ஒன்பது பாரை ஒட்டிய அழுத்தத்தில் இறங்கி, மேலே பொன்னிற நுரை படர்ந்தது. 1961-ல் ஃபேமா நிறுவனத்தின் எர்னெஸ்டோ வலென்டே, கையால் இழுக்கும் வேலையை மின்சார பம்புக்கு மாற்றினார். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அதை வைத்தே அந்த மெஷினுக்கு ஈ61 என்று பெயர் வந்தது.

பழுது பார்ப்பவர்களுக்கு ஈ61-ன் பெருமை வேறு. காபிக் கைப்பிடி பூட்டும் அதன் தலைப்பகுதியை ஒரே அச்சில் இன்றும் பல நிறுவனங்கள் வார்க்கின்றன, வீட்டு மெஷின்களிலும் பொருத்துகின்றன. கைப்பிடியின் அளவு 58 மில்லிமீட்டர். ஒரு நிறுவனத்தின் மெஷினுக்கு வாங்கும் கேஸ்கட்டும் சல்லடையும் பெரும்பாலும் அடுத்த நிறுவனத்தின் ஈ61 தலையிலும் உட்காரும். செய்த கம்பெனி மூடிவிட்டாலும் மெஷின் அனாதை ஆவதில்லை.

வீட்டு மெஷின்களில் இதே தரத்தைக் காத்தவை இரண்டு: 1991-ல் வந்த காஜ்ஜா கிளாசிக், 1997-ல் வந்த ரான்சிலியோ சில்வியா. இரண்டையும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பானரும் கொண்டு திறக்கலாம். உள்ளே ஒரு பாய்லர், ஒரு பம்ப், ஒரு வால்வு, இரண்டு மூன்று தெர்மோஸ்டாட். எந்த பாகம் எங்கே உட்காருகிறது என்று காட்டும் வரைபடம் கிடைக்கிறது. ஒவ்வொரு பாகமும் தனியாக விற்கிறது. முப்பது ஆண்டு பழைய கிளாசிக் இன்றும் காபி போடுகிறதென்றால் காரணம் இதுதான்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் இதே காரணத்தால்தான் தலைமுறை தாண்டி உழைக்கிறது. கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றும் எந்த ஊர்ப் பாத்திரக் கடையிலும் தொங்குகின்றன. மாற்றத் தெரியாத வீடும் இல்லை. அந்த நிலைக்கு எஸ்பிரஸோ மெஷினையும் கொண்டுவர வேண்டும்.

தண்ணீரில் தொடங்குகிறது

கோவையில் இத்தகைய மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒருவரின் பட்டறையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். ஒரே மாடல் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். ஒன்று சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலிருந்து வந்தது. பாய்லரின் உட்புறம் பித்தளை நிறத்திலேயே இருந்தது. இன்னொன்று போர் தண்ணீர் ஊற்றிய வீட்டினுடையது. அதன் ஹீட்டர் சுருளைப் பார்க்கவே முடியவில்லை. சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை ஓடு மூடியிருந்தது.

பிறகு இரண்டாவது மெஷினின் சோலினாய்டு வால்வைக் கழற்றினார். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் கட்டை, அதில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. காபி இறங்கி முடிந்ததும் தூளின் மேல் தங்கும் அழுத்தத்தை வடிகால் தட்டுக்குத் திருப்பிவிடுவது இந்தத் துளைதான். அது அடைபட்டால், கைப்பிடியைக் கழற்றும்போது சுடுதண்ணீரோடு தூள் தெறிக்கும். கம்பியால் மெல்லக் குத்தினார். கறுத்த காபிப் பிசுக்கும் அதோடு ஒட்டிய வெள்ளைத் துகளும் வெளியே வந்தன. ‘மிஷின் வீணாப் போச்சுன்னு குடுத்தாங்க. வீணானது இவ்வளவுதாங்க’ என்றார்.

கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம், கார்பனேட்டாகப் பிரிந்து சூடான இடத்தில் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்க ஹீட்டரின் சூடு தண்ணீருக்குச் சேராது. சுருள் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். இதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் ஒரு கண் வேண்டும். பாய்லரில் தண்ணீர் மட்டத்தை மின்கம்பி கொண்டு அறியும் மெஷின்கள், தண்ணீரில் கொஞ்சமாவது தாது இருந்தால்தான் அதை உணரும். தாது அறவே நீங்கிய தண்ணீரை ஊற்றினால் பாய்லர் காலியாக இருப்பதாக எண்ணி பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அது மொத்த உப்பைக் கணித்துச் சொல்லும். படியப்போகும் கால்சியம் அதில் எவ்வளவு என்று சொல்லாது. கடினத்தன்மையை அளக்கச் சொட்டு மருந்துப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி ஒரு முறை சோதித்துவிட்டால், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை படிவு நீக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

படிவு நீக்க, கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமே பல மெஷின்களுக்குப் போதும். பாய்லர் எந்த உலோகம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அலுமினியத்தை அமிலம் சீக்கிரம் அரிக்கும் என்பதால் அதற்குக் கரைசல் வலுவாக இருக்கக் கூடாது, நேரமும் நீளக் கூடாது. முடிந்தபின் நல்ல தண்ணீரைப் பல டேங்க் ஓட்டிக் கழுவ வேண்டும்.

நம் பங்கு

பராமரிப்பில் நம் கையில் இருக்கும் வேலைகள் சிறியவை. பால் நுரைத்ததும் நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி நீராவியை வெளியே விட வேண்டும். விட்டுவைத்தால் பால் குழாய்க்குள் ஏறிக் காய்ந்து அடைக்கும். ஒவ்வொரு காபிக்குப் பிறகும் தலையில் கொஞ்சம் வெந்நீர் ஓடவிட்டுத் தூளைக் கழுவ வேண்டும். வாரம் ஒரு முறை துளையில்லாத கிண்ணத்தைக் கைப்பிடியில் போட்டு, அதற்கென விற்கும் பொடியைக் கொஞ்சம் இட்டு, பம்பைச் சில விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டினால் வால்வில் சேர்ந்த எண்ணெய் கழுவிக்கொண்டு போகும். மேலே சொன்ன சோலினாய்டு வால்வு (மும்முனை வால்வு என்பதும் இதுதான்) உள்ள மெஷினுக்கு மட்டுமே இது பொருந்தும். உங்கள் மெஷினில் அது உண்டா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேஸ்கட் கெட்டிப்பட்டதைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. புதிதில் நேராக நின்று பூட்டிக்கொண்ட கைப்பிடி, போகப் போக வலப்பக்கம் கூடுதலாகத் திரும்பும். பிறகு ஓரத்தில் தண்ணீர் கசியும். அப்போது இறுக்கி இறுக்கித் திருகாமல் கேஸ்கட்டை மாற்றிவிட வேண்டும்.

உள்ளே திறக்கும் எந்த வேலைக்கும் முதல் விதி: பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுதாக ஆறி, நீராவி அழுத்தம் இறங்கிய பிறகே ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.

போனில் ஒரு வைத்தியம்

அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது பொள்ளாச்சியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

‘தம்பி, மிஷின் கரகரன்னு கத்துது. தண்ணி ஒரு சொட்டு வரலை. பம்ப் போயிருச்சுங்களா?’

‘பதறாதீங்கக்கா. டேங்க்கை இப்பக் கழட்டுனீங்களா?’

‘ஆமா, கழுவி வெச்சேன்.’

‘அப்ப பம்ப்ல காத்து மாட்டிக்கிச்சுங்க. நீராவிக் குழாய்க்குக் கீழ ஒரு டம்ளர் வைங்க. குமிழைத் திறந்துட்டு வெந்நீர் சுவிட்சைப் போடுங்க. இருபது எண்ணுற வரைக்கும் தண்ணி வரலைன்னா நிறுத்திருங்க, ஒரு நிமிசம் விட்டு மறுபடி போடலாம்.’

இரண்டாவது முறையில் குழாய் துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. சத்தமும் தணிந்தது. அந்த அக்காவுக்கு ஓர் ஆள் வரும் செலவும், ஒரு புது பம்பின் விலையும் மிச்சம்.

பட்டறைக்காரர் கேட்ட கேள்வி ஒன்றுதான். மெஷினின் உட்புறம் தெரிந்தவரால்தான் அதைக் கேட்க முடியும். பல வீட்டு மெஷின்களில் இருப்பது அதிர்வு பம்ப். இத்தாலியின் உல்கா செய்வது பெயர் பெற்றது. காந்தச் சுருளுக்குள் ஒரு சிறு பிஸ்டன் முன்னும் பின்னும் துடிக்கும், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறிக் கருகும். ‘இருபது எண்ணுங்கள், நிறுத்துங்கள்’ என்று அவர் சொன்னதன் பின்னால் இந்த அறிவு இருக்கிறது.

வாடிக்கையாளர் சேவை என்பது இதுதான். புகார் எண் கொடுத்து, ‘எங்கள் பொறியாளர் தொடர்புகொள்வார்’ என்று குறுஞ்செய்தி அனுப்புவதைச் சேவை என்று நான் ஏற்க மாட்டேன். போனை எடுப்பவர் ஒரு முறையாவது அந்த மெஷினைத் திறந்திருக்க வேண்டும். என்ன தண்ணீர், எப்போது தொடங்கியது, எந்தச் சத்தம் என்று வரிசையாகக் கேட்கத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் பயனாளிக்கு வேண்டியது மன்னிப்புக் கடிதம் அல்ல, சரியான கேள்வி.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது மெஷின் கொண்டுவந்து தருவது இப்போது அதிகம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும். ஆனால் அங்கே விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. அதிர்வு பம்ப் அந்தச் சுழற்சிக்கு ஏற்றபடி துடிப்பது. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. ஹீட்டருக்கே ஆயிரம் வாட்டுக்கு மேல் வேண்டும் என்பதால் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் தாங்கவும் தாங்காது. இங்கே உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது. அன்போடு கொடுக்க நினைக்கும் பிள்ளைகள், அதே பணத்தில் இங்கேயே 230 வோல்ட் மெஷின் வாங்கித் தருவது நல்லது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு நெறியாணை இயற்றியது. உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கெடு. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், வாக்குவம் கிளீனர், செல்போன் போன்றவற்றை உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் நியாயமான விலையில் பழுது பார்த்துத் தரும் கடமை அதில் தயாரிப்பாளருக்கு உண்டு. எஸ்பிரஸோவின் தாயகம் அந்த ஒன்றியத்தில்தான் இருக்கிறது. இருந்தும், இயற்றியபோது இருந்த பட்டியலில் காபி மெஷின் இல்லை. பெரிய விடுபடல் இது, சேர்க்கப்பட வேண்டும்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உள்ளன. நல்ல தொடக்கம்தான். ஆனால் அது தகவல் தரும் தளம். உதிரி பாகத்தை இத்தனை ஆண்டு இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் அல்ல. அப்படி ஒரு சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பது வாங்குவதற்கு முன் கேட்கும் உரிமையும், வாங்கிய பின் சேவை கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும்.

ஆகவே, மெஷின் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாடலுக்குக் கேஸ்கட், பம்ப், தெர்மோஸ்டாட் தனித்தனியாக விற்கிறீர்களா, விலை என்ன? உத்தரவாதம் முடிந்த பிறகு யார் திறந்து பார்ப்பார், எந்த ஊரில் இருக்கிறார்? பாகங்களின் வரைபடத்தை எனக்குத் தருவீர்களா? ‘15 பார்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது பம்பின் உச்ச அளவு, காபிக்குத் தேவை ஒன்பதுதான். மூன்று கேள்விக்கும் தெளிவாகப் பதில் வருகிற கடையில் இரண்டாயிரம் கூடுதலானாலும் கொடுத்து வாங்குங்கள். பதில் வராத இடத்தில், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.

(தொடரும்)