எல்லைமலையும் ஏறிச் சென்றோரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. பெயரிலே மலையைத் தாங்கி நிற்கும் கீரிமலையும் கடலோரத்துச் சுண்ணக்கற் பாறைத் திட்டேயன்றி வேறன்று. குடாநாட்டின் மிக உயர்ந்த நிலமும் நன்கு வளர்ந்த ஒரு பனையின் உயரத்தை எட்டாது. ஆயினும் நம் பிள்ளைகள் ஐந்திணை படிக்கும்போது முதலிற் படிப்பது குறிஞ்சி. மலையும் மலைசார்ந்த நிலமும் என்று அவர்கள் ஒப்புவிக்கும் அந்த நிலம், நமக்கு மேற்கே கடலுக்கு அப்பால், இன்று தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கின்றது. அந்த எல்லைமலையின் அமைப்பையும், அதனை அறிய வேண்டி ஏறிச் சென்றோரின் வரலாற்றையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டித் தபதி ஆற்றின் பக்கத்திலிருந்து குமரிமுனை வரை ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடுவது மேற்குத் தொடர்ச்சி மலை. இதன் தென்பகுதியே நமது பேச்சுக்குரியது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு பறவை அதன்மேற் பறந்து வருவதாகக் கொள்வோம். முதலில் நீலகிரி, அதன் உயர்ந்த முடியாகிய தொட்டபெட்டா 2637 மீற்றர். அதைக் கடந்ததும் மலை திடீரென மறைந்துவிடும். சுமார் 30 கிலோமீற்றர் அகலத்துக்குத் தாழ்ந்த வெளி ஒன்று தோன்றும். அதுவே பாலக்காட்டுக் கணவாய். பண்டுதொட்டுக் கொங்குநாட்டு வணிகர் சேரநாட்டுக் கரைக்குப் போய்வந்த பெருவாயில் அது.

கணவாய்க்குத் தெற்கே மலை மீண்டும் எழுகின்றது. அங்கே ஆனைமலைத் தொகுதியில் 2695 மீற்றர் உயரமுள்ள ஆனைமுடி நிற்கின்றது. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. இங்கிருந்து கிழக்கே ஒரு கிளையாகப் பிரிவது பழனிமலை. தெற்கே தொடர்வது ஏலமலை. செங்கோட்டைக்கு அருகே ஆரியங்காவுக் கணவாயில் மலை மறுபடியும் தாழ்கின்றது. 1904 ஆம் ஆண்டில் கொல்லத்தையும் செங்கோட்டையையும் புகையிரதப் பாதை இணைத்தது இவ்வழியேதான். அதற்கும் தெற்கே 1868 மீற்றர் உயரத்தில் அகத்தியர்மலை. நம் முன்னோர் பொதியில் என்றும் பொதியம் என்றும் போற்றியது இப்பகுதியையே.

இம்மலையின் பெருந்தொழில் யாதெனில், காற்றைத் தடுப்பதும் நீரைப் பகுப்பதுமாம். வைகாசி, ஆனி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேல் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி மேலெழுகின்றது. மேலெழுந்த காற்றுக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க முடிவதில்லை. ஆகவே மழை கொட்டுகின்றது. மேற்குச் சாரலிற் பல இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்ய, கிழக்கே கம்பம், தேனிப் பக்கங்களில் 1000 மில்லிமீற்றர் காண்பதே அரிது. மலைக்கு மேற்கே வெள்ளமும் கிழக்கே வறட்சியும் ஒரே நாளில் இருக்கக்கூடும்.

இதன் விளக்கத்துக்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. நமது நாட்டின் நடுவே நிற்கும் மலைநாடும் இதையே செய்கின்றது. ஆனி மாதத்தில் வட்டவளையில் அடைமழை பெய்யும்போது, மலையின் மறுபக்கத்துப் பண்டாரவளையில் வறண்ட காற்று வீசுகின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்று அழைக்கும் வெங்காற்றும், நமது சோளகம் புழுதியைக் கொணர்ந்து மழையைக் கொணராமற் போவதும் இவ்வியற்கையோடு தொடர்புடையவை. தோட்டத்துக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்து ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் நம் கமக்காரருக்கு இது ஏட்டுக் கல்வி மட்டும் அன்று.

மலையுச்சியில் விழும் மழைத்துளி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கத்து நாட்டுக்குரியதாகின்றது. மேற்கே சாய்ந்தால் பெரியாறாகி அரபிக் கடலை நாடும். கிழக்கே சாய்ந்தால் வைகையாகிப் பாக்கு நீரிணையை நோக்கி வரும். அன்றேல் தாமிரபரணியாகி மன்னார்க் குடாவில் விழும். இலங்கைத் தீவுக்கும் தாமிரபரணி என்ற பெயர் பண்டைக்காலத்தில் வழங்கியதையும், கிரேக்கர் அதனையே தப்ரபேன் என்றதையும் நேயர்கள் அறிவார்கள். பொதியத்தில் ஊற்றெடுக்கும் ஆறும் நமது தீவும் ஒரே பெயரைத் தாங்கியமை இரு கரைகளுக்கும் இருந்த பழந்தொடர்பைக் காட்டுகின்றது. பாறைகளின் தொடர்போ அதனினும் பழையது. தென்னிந்திய மலைகளின் பழம்பாறைகளும் நமது மலைநாட்டின் பாறைகளும் ஓரினத்தவை; இரு நிலங்களும் ஒன்றாயிருந்த காலத்தில் உருவானவை. நமது குடாநாட்டுச் சுண்ணக்கல் அவற்றின் முன்னே பச்சைக் குழந்தை எனலாம்.

இனி, இம்மலையை அறியச் சென்றோரைப் பார்ப்போம். பொதியில் நாட்டை ஆண்ட ஆய் அண்டிரன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆகவே, மலை மனிதர் அறியாத இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி என்னும் புவியியலறிஞர் பெத்திகோ என்றொரு மலையைத் தமது நூலிற் குறிக்கின்றார். அது பொதிகையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் மலையைக் கண்டவரல்லர். வணிகர் வாய்மொழியாகக் கேட்டு எழுதியவர்.

ஐரோப்பியருள் முதலில் ஏறியோர் சமயங்கருதி ஏறினர். மலைமேல் பழைய கிறித்தவர் வாழ்கின்றனர் என்ற செய்தியை நம்பி, 1603 ஆம் ஆண்டில் இயேசு சபையைச் சேர்ந்த பெனிசியோ என்னும் இத்தாலியக் குருவானவர் நீலகிரிக்குச் சென்றார். அவர் தேடிய கிறித்தவர் அங்கில்லை. எருமை மேய்க்கும் தோடரையே கண்டார். கண்டதை எழுதி வைத்தார்.

அடுத்து வந்த நோக்கம் நீர். 1789 ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்பபிள்ளை, மேற்கே வீணாய் ஓடும் பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பலாகாதா என எண்ணி, மலைக்கு ஆட்களை அனுப்பி ஆராயச் செய்தார். முடியும் என்று கண்டாராயினும் செலவுக்குப் பொருள் போதாமையாற் கைவிட்டார். வறண்ட இராமநாதபுரச் சீமையில் இருந்துகொண்டு மலைக்கு அப்பாலுள்ள ஆற்றை நினைத்த அப்பிரதானியின் பெயரை, மலையாராய்ச்சி வரலாற்றில் முன்வரிசையில் வைக்கவேண்டும்.

மூன்றாவது நோக்கம் அளவை. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னையில் ஏழரை மைல் நீளமான ஓர் அடிக்கோட்டைத் துல்லியமாக அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த கேத்திரகணிதம். அவ்வாறே ஒரு முக்கோணத்தின்மேல் மற்றொன்றைக் கட்டிக் குமரிமுனை வரை தென்னாட்டை அளந்தார். மலையிருந்த இடத்தில் மலையுச்சி உதவிற்று. மலையில்லாத சமவெளியிற் கோயில்களே மலையாயின. 1808 ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரைத் தொன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் சோர்ந்துவிடவில்லை. பல வாரம் இருந்து அதனைச் செப்பஞ்செய்து மீண்டும் அளக்கத் தொடங்கினார்.

லாம்டன் இட்ட சட்டத்துக்குள்ளே ஊர்களையும் காடுகளையும் நிரப்பினோர் உவாட், கொனர் என்னும் இரு படை அதிகாரிகள். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அவர்கள் அளந்தனர். காட்டுக் காய்ச்சல் அளவைக் குழுவினரை வாட்டியது. 1821 இல் உவாட் பழனிமலையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் வழியாக ஏறி, இன்று கோடைக்கானல் இருக்கும் மேட்டுநிலத்தை அளந்தார்.

நான்காவது நோக்கம் விஞ்ஞானம். திருவனந்தபுரத்து வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஜோன் அலன் புரௌன், 1855 ஆம் ஆண்டில் அகத்தியர்மலை உச்சியில் ஒரு நிலையம் அமைத்தார். காந்த ஊசியும் காற்றழுத்தமும் ஒரே வேளையில் மலையுச்சியிலும் அடிவாரத்திலும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஒப்புநோக்குவதே அவர் கருத்து. 1862 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் திகதி சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹமில்டன் ஆனைமுடியில் ஏறினார். அச்சிகரத்தில் ஏறியதாக ஏட்டிற் பதிவான முதல் மனிதர் அவரே.

இவ்விடத்திற் சற்று நிற்போம். ஏட்டிற் பதிவான முதல் மனிதர் என்பதும் முதலில் ஏறிய மனிதர் என்பதும் ஒன்றல்ல. ஆனைமுடியைச் சூழ்ந்து முதுவர் வாழ்கின்றனர். அகத்தியர்மலைச் சாரலிற் காணிக்காரர் வாழ்கின்றனர். யானைத்தடம் எது, நீர்ச்சுனை எங்கே, எந்தக் கிழங்கு உண்ணத்தக்கது என்பதை அறிந்த அவர்கள் துணையின்றி வெளியார் அக்காடுகளில் நெடுந்தூரம் போயிருக்க இயலாது. நமது வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. 1344 ஆம் ஆண்டில் இபின் பட்டூட்டா சிவனொளிபாத மலைக்குப் போக விரும்பியபோது, புத்தளத்தில் அவரை வரவேற்ற யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் தந்து, யோகியர் நால்வர், அந்தணர் மூவர், தோழர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடனனுப்பினான். முப்பதுக்கு மேற்பட்டோர் வழிநடத்த ஒருவர் மலை கண்டார். அந்த ஒருவர் பெயரே உலகுக்குத் தெரியும்.

பெயர் தெரியாமற் போவதால் ஒருவருக்கு என்ன நட்டம் என நேயர்கள் கேட்கலாம். 1987 ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அகத்தியர்மலைக் காட்டுக்குச் சென்றனர். அவர்கள் களைத்து அமர, வழிகாட்டிய காணிக்கார இளைஞர் ஒரு செடியின் காய்களைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை என்று வழங்கும் அச்செடியின் விஞ்ஞானப் பெயரில் சைலானிக்கஸ், அதாவது இலங்கைக்குரியது, என்னும் சொல் இருக்கின்றது. அது நமது தீவிலும் வளர்வது. ஆராய்ச்சியின் முடிவில் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து பிறந்தது. அந்நிலையம் அதனாற் பெற்ற வருவாயிற் பாதியைக் காணிக்காரருக்கு அளிக்க இசைந்தது. மலையறிவுக்கும் விலையுண்டு, அந்த விலை மலைமக்களைச் சேரவேண்டும் என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சியாக இது நிலைத்தது. அவர் பெயரை விட்டுவிட்டிருந்தால் அந்தப் பங்கும் போயிருக்கும்.

மீண்டும் நீருக்கு வருவோம். முத்திருளப்பபிள்ளை கண்ட கனவு ஒரு நூற்றாண்டின்பின் நனவாயிற்று. 1886 இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. பென்னிகுயிக் என்னும் பொறியியலாளர் தலைமையில் 1887 முதல் 1895 வரை முல்லைப்பெரியாற்று அணை கட்டப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்கு நோக்கிய நீர் கிழக்கே திரும்பி வைகையிற் சேர்ந்தது. காய்ச்சலாலும் வெள்ளத்தாலும் மாண்ட தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர். கம்பம் பள்ளத்தாக்கில் அவ்வணையின் நீரைக் கொண்டு இன்றும் நெல் விளைகின்றது.

1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆந் திகதி மொழிவழியே மாநிலங்கள் பிரிந்தபோது, செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அணை கேரள மண்ணில் நிற்க, அதன் நீர் தமிழ்நாட்டு வயலுக்குப் போகின்றது. அணை பழையதென்று ஒரு சாராரும் நீரின்றி வாழ்வில்லையென்று மறுசாராரும் வழக்காடினர். 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என 2014 ஆம் ஆண்டில் இந்திய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழே வாழ்வோர் அச்சமும் அப்பால் வாழ்வோர் தாகமும் இரண்டுமே மெய். ஆதலாற்றான் தீர்ப்பின் பின்னும் பேச்சு ஓயவில்லை.

இத்தகைய எல்லைமலைகள் உலகில் வேறும் உண்டு. ஐரோப்பாவின் வடகோடியில் நோர்வேக்கும் சுவீடனுக்கும் இடையே ஒரு நெடுமலை கிடக்கின்றது. 1751 ஆம் ஆண்டில் அவ்விரு நாடுகளும் எல்லை வகுத்தபோது, பனிமான் மேய்த்து மலைக்கு இப்பாலும் அப்பாலும் பருவந்தோறும் பெயரும் ஸாமி மக்களின் வழமையை மறந்துவிடவில்லை. அவர்கள் முன்போலவே மந்தைகளோடு எல்லையைக் கடக்கலாம் என்று உடன்படிக்கையோடு ஒரு சாசனத்தை இணைத்தன. கோடு கிழித்தவர் கோட்டின்மேல் வாழ்வோரையும் எண்ணிய அரிய நிகழ்ச்சி அது.

நமது மலைநாட்டின் நடுப்பகுதியை 2010 ஆம் ஆண்டிலும், மேற்குத் தொடர்ச்சி மலையை 2012 ஆம் ஆண்டிலும் ஐக்கிய நாடுகளின் கல்வி நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. உயிரினங்களின் வளத்தைக் கணிப்போர் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே தொகுதியாகவே கொள்கின்றனர். கடல் பிரித்ததைப் பூவும் தவளையும் பிரிவாகக் கருதவில்லை போலும்.

பாடசாலைப் பிள்ளைகள் தேசப்படத்தில் மலைக்குக் கபில நிறம் தீட்டி, அதன்மேல் எல்லைக்கோட்டை வரைந்து முடித்துவிடுகின்றனர். ஆசிரியர்கள் அவர்களிடம் இன்னும் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். இம்மலையில் விழும் மழை எவ்வூரார் கிணற்றிற் சேர்கின்றது? இன்னார் முதலில் ஏறினார் என்று நூல் சொல்லுமிடத்து, அவருக்கு வழிகாட்டியவர் யார்? இவ்விரண்டுக்கும் விடைதேடப் பழகிய பிள்ளை, மலையே இல்லாத குடாநாட்டில் இருந்துகொண்டும் மலையை உண்மையாக அறிந்ததாகும்.